கட்டடமும் கட்டணமும்: கொழும்பு நகரின் வளர்ச்சிச் செலவை யார் சுமப்பது?

ஒரு கட்டடம் தனியார் நிலத்தில் எழலாம். ஆயினும் அதன் கழிவுநீரும் மழைநீரும் வாகனங்களும் மதிலைக் கடந்த மறுகணமே பொதுச் சொத்தின் மீது சுமையாகின்றன. அச்சுமையைத் தாங்கும் குழாய்களையும் வீதிகளையும் பெருப்பிக்கும் செலவில் ஒரு பங்கைக் கட்டுபவரே செலுத்தவேண்டும் என்பதே அபிவிருத்திக் கட்டணத்தின் அடிப்படையாகும். அக்கட்டணம் காலத்துக்கேற்ப எவ்வாறு திருத்தப்படவேண்டும் என்பதைக் கொழும்பை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இந்நகரின் வருவாய் முறைகளை வேறுபடுத்தி நோக்குதல் அவசியம். 1865 இல் தோன்றிய கொழும்பு மாநகர சபையின் பழைய வருவாய், நாம் சோலைவரி என வழங்கும் ஆதனவரியாகும். இது ஆதனத்தின் ஆண்டு மதிப்பீட்டின் மீது ஆண்டுதோறும் அறவிடப்படுவது. எனவே முன்பே கட்டப்பட்ட வீடுகளும் இதனைச் செலுத்துகின்றன. அபிவிருத்திக் கட்டணமோ புதிதாகக் கட்டுபவரிடம் ஒரு முறை மட்டுமே பெறப்படுவது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. அதன் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் விண்ணப்பக் கட்டணங்களைத் தளப்பரப்புக்கேற்ற ரூபாய்த் தொகைகளாக வகுத்தன. வாகனத் தரிப்பிடம் போதாதவிடத்து அதற்கீடாகப் பணம் பெறும் முறையும் உண்டு. இவற்றுக்கு மாறாக, பெரிய காணியைப் பிரிக்கும்போது பத்திலொரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவேண்டும் என்ற விதி, பணத்தை அன்றி நிலத்தையே கேட்கிறது.

பணத்துக்கும் நிலத்துக்கும் உள்ள இவ்வேறுபாடே எமது வாதத்தின் மையமாகும். நிலமாகப் பெறப்பட்ட பங்கு விலைவாசியோடு தானும் உயரும். ரூபாயில் எழுதப்பட்ட தொகையோ, வர்த்தமானியில் திருத்தப்படும்வரை அசையாது நிற்கும். விலைகள் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் உயருமாயின், ஏழாண்டுகளில் அத்தொகையின் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகிவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. முந்திய ஆண்டில் நூறு ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், ஓராண்டிலேயே ஐம்பத்தொன்பது ரூபாவின் வாங்குந்திறனுக்கு இறங்கியது என்பதே இதன் பொருள். கட்டணத்தை எவரும் குறைக்கவில்லை. அது தானே குறைந்தது. கட்டுபவர் செலுத்தாத மீதியைச் சோலைவரி செலுத்துவோரும் கடன் சுமக்கும் அரசும் ஈடுசெய்ய நேர்கிறது. அல்லது குழாய் பழையபடியே கிடக்கிறது.

வெள்ளவத்தையை எடுத்துக்கொள்வோம். 1983 இன் பின்னரும், குறிப்பாக வடக்கிலிருந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்த தொண்ணூறுகளிலும், காலி வீதிக்கும் கடலுக்குமிடையிலான ஒழுங்கைகளில் தனிவீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் வாழ்ந்த இருபது பேர்ச் காணியில் இருபது குடும்பங்கள் வாழுமாயின் கழிவுநீரும் அவ்வாறே பெருகும். நகரின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிகச் சிறிய சனத்தொகைக்கென அமைக்கப்பட்டது. கட்டட அனுமதி ஒரு நிறுவனத்தின் அதிகாரமாகவும், கழிவுநீர்க் குழாய் மாநகர சபையின் பொறுப்பாகவும், குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கடமையாகவும் பிரிந்திருப்பதால், பெற்ற பணம் சுமை விழுந்த இடத்துக்கே சென்று சேரும் என்ற உறுதி இல்லை.

இனிப் பொரளைக்கு வருவோம். 2001 இல் பேஸ்லைன் வீதியை அண்டி எழுந்த சஹஸ்புர தொடர்மாடியில் 671 வீடுகள் உள்ளன. தோட்டங்களில் வாழ்ந்த மக்களை மாடிகளில் குடியமர்த்தி, அவர்கள் விட்டகன்ற நிலத்தின் சந்தைப் பெறுமதியால் செலவை ஈடுசெய்தல் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை எண்ணம். மாடிவீட்டின் நன்மை தீமைகள் ஒருபுறமிருக்க, இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. வசதிபடைத்தோரிடம் நகரம் தேய்ந்துபோகும் ரூபாயைக் கேட்கிறது. வறியோரிடம் தேயாத நிலத்தைக் கேட்கிறது.

பிற நாடுகள் இத்தேய்வைத் தடுக்கப் பல வழிகளைக் கையாண்டுள்ளன. இங்கிலாந்தில் 2010 இல் வந்த சமுதாய உட்கட்டமைப்பு அறவீடு, கட்டுமானச் செலவுச் சுட்டெண்ணோடு ஆண்டுதோறும் தானாகவே மாறுகிறது. கலிபோர்னியாவின் 1987 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணத்துக்கும் கட்டடம் ஏற்படுத்தும் தேவைக்கும் நியாயமான தொடர்பு காட்டப்படவேண்டும் என்கிறது. 2021 இல் நிறைவேறிய சட்டம் அதற்கான ஆய்வை எட்டாண்டுகளுக்கு ஒரு முறையேனும் புதுப்பிக்கப் பணிக்கிறது. தமிழ்நாட்டில் 3,000 முதல் 10,000 சதுர மீற்றர் வரையான மனைகளில் திறந்தவெளி நிலத்துக்கீடாகப் பணம் செலுத்துவோர், அந்நிலத்தின் அரச வழிகாட்டி மதிப்பின்படியே செலுத்தவேண்டும்.

கட்டணம் உயர்ந்தால் வீட்டின் விலையும் உயரும் என்பது கட்டட முதலீட்டாளரின் எதிர்வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் திடீரென மும்மடங்காகும் கட்டணமே கணக்கைக் குலைக்கும். ஆண்டுதோறும் சிறிதளவாக, முன்னறிவித்தலுடன் உயரும் கட்டணத்தைக் காணி வாங்கும்போதே கணக்கிட்டுக்கொள்ளலாம். சிறு வீடுகளுக்கும் வறியோர் வீடமைப்புக்கும் விலக்களித்தலும் இயலும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. கட்டணம் கட்டுமான விலைச்சுட்டெண்ணோடு பிணைக்கப்பட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, பிரதேசந்தோறும் ஏற்பட்ட சுமையை அளந்து அதன் அடிப்படை மீளக் கணிக்கப்பட வேண்டும். பெற்ற பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, எந்த வீதியின் எந்தக் குழாய்க்குச் செலவாயிற்று என்பது மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். இவை கணக்காளரின் நுட்பங்கள் போலத் தோன்றலாம். ஆனால் மழை நாளில் எவர் வீட்டு வாசலில் கழிவுநீர் தேங்கும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன.