விண்ணப்பப் பாரம் படத்தை ஏற்கவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

மலாக்கா – ஆலயத்தின் கல்வி நிதி, முன்னாள் மாணவர் சங்கத்தின் உதவித்தொகை, விளையாட்டுப் போட்டிக்கான பதிவு என எல்லாமே இப்போது இயங்கலைக்கு வந்துவிட்டன. பாரத்தை எழுதி, நகல் எடுத்து, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஜாசினுக்கோ அலோர்காஜாவுக்கோ போய்க் கொடுக்கும் அலைச்சல் குறைந்திருக்கிறது.

ஆனால் வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. மைகாட், அம்மாவின் சம்பளச் சீட்டு, எஸ்பிஎம் சான்றிதழ் மூன்றையும் கைப்பேசியில் படம் பிடித்து ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால், பாரம் மறுபடியும் காலியாக வந்து நிற்கிறது. காரணம் சொல்ல ஒரு வரிகூட இல்லை. சில வேளைகளில் நிலைமை இன்னும் மோசம். ‘நன்றி’ என்று வரும், படம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது. முடிவு நாளுக்குப் பிறகு, ஆவணம் இல்லை என்று விண்ணப்பம் ஒதுக்கப்படும்.

பெரும்பாலும் இது விண்ணப்பித்த பிள்ளையின் தவறல்ல. பாரத்தை இயக்கும் நிரலில்தான் ஓட்டை இருக்கும். நம் சங்கங்களுக்கு இத்தகைய பாரங்களைச் செய்து தருபவர்கள் பெரும்பாலும் நம் இளைஞர்களே. மெர்லிமாவ் பாலிடெக்னிக்கிலோ, டுரியான் துங்கலில் உள்ள யூடெம் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களாக இருக்கலாம். அவர்களுக்கும், விண்ணப்பிப்பவர்களுக்கும் பயன்படும் விளக்கம் இது.

தொடக்கத்தில் இணையப் பாரங்கள் எழுத்தை மட்டுமே அனுப்பின. கோப்பையும் சேர்த்து அனுப்பும் முறையை 1995 நவம்பரில் வெளியான ஆர்எப்சி 1867 என்ற ஆவணம் வகுத்தது. அதே 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி மொழி, இன்றும் சிறிய சங்கங்களின் இணையத்தளங்களில் அதிகம் காணப்படுகிறது. அதனால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கோளாறைத் தேடும்போது கோப்பு பயணம் செய்யும் வரிசையிலேயே தேட வேண்டும்.

முதலில் பாரம்

பாரத்தின் அனுப்பும் முறை ‘போஸ்ட்’ என்றும், குறியீட்டு வகை ‘மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா’ என்றும் இருக்க வேண்டும். இரண்டாவதை எழுத மறந்தால் கோப்பின் பெயர் மட்டும் போகும், கோப்பு போகாது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

இரண்டாவது அளவு

பிஎச்பி தன் இயல்பு அமைப்பில் ஒரு கோப்புக்கு 2 எம்பி வரைதான் அனுமதிக்கிறது. ‘அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்’ என்பது அந்த வரம்பின் பெயர். மொத்த விண்ணப்பத்துக்கும் ‘போஸ்ட் மேக்ஸ் சைஸ்’ என்ற வேறொரு வரம்பு உண்டு. அது 8 எம்பி. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றே 4 எம்பி இருக்கலாம். முதல் வரம்பை 5 எம்பி ஆக்கிவிட்டு இரண்டாவதை மறந்தால், மூன்று படங்கள் சேர்ந்து 12 எம்பி ஆகி மறுபடியும் தடுக்கப்படும்.

மொத்த வரம்பு மீறும்போது பிஎச்பி கோப்புகளை மட்டுமல்ல, பெயர், முகவரி உள்பட எல்லாவற்றையும் காலியாகவே நிரலிடம் தருகிறது. பாரம் வெறுமையாகத் திரும்பி வருவதன் இரகசியம் இதுவே. இந்த வரம்புகளை நிரலுக்குள்ளேயே மாற்ற முடியாது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கோப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. சேவையகத்தின் அமைப்புக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். முன்னால் ‘என்ஜின்எக்ஸ்’ இருந்தால் அதற்கும் தனி வரம்பு உண்டு. இயல்பில் அது 1 எம்பி மட்டுமே, மீறினால் 413 என்ற பிழை எண் வரும்.

மூன்றாவது பிழை எண்

ஒவ்வொரு கோப்போடும் பிஎச்பி ஓர் எண்ணைத் தருகிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

0 – கோளாறு இல்லை
1 – சேவையகத்தின் அளவு வரம்பு மீறப்பட்டது
2 – பாரத்தில் குறித்த வரம்பு மீறப்பட்டது
3 – கோப்பு பாதிதான் வந்தது
4 – கோப்பு எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை
6 – தற்காலிகக் கோப்புறை இல்லை
7 – வட்டில் எழுத முடியவில்லை
8 – பிஎச்பியின் இணைப்புநிரல் ஒன்று தடுத்தது

தோட்டப்புறத்தில் லைன் பாதியில் அறுந்தால் 3 வரலாம். 1, 2, 3, 4 வந்தால் விண்ணப்பதாரருக்குச் சொல்லுங்கள். 6, 7, 8 வந்தால் அது நிர்வாகியின் வேலை.

நான்காவது சேமிக்கும் இடம்

வந்த கோப்பு முதலில் தற்காலிக இடத்தில்தான் இருக்கும். நிரல் முடிவதற்குள் அதை நிரந்தர இடத்துக்கு நகர்த்தாவிட்டால் தானாக அழிந்துவிடும். நகர்த்த முடியவில்லை என்றால், அந்தக் கோப்புறையில் எழுத இணையச் சேவையகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் திறந்துவிடும் 777 அனுமதி இதற்குத் தீர்வாகாது. மைகாட் படங்களைப் பொதுமக்கள் முகவரி தட்டித் திறக்கக்கூடிய கோப்புறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைச் சோதித்து, புதுப் பெயரிட்டுச் சேமியுங்கள். இல்லையென்றால் படம் என்ற பெயரில் யாராவது நிரலையே அனுப்பிவிடலாம்.

விண்ணப்பிப்பவர்கள் செய்யக்கூடியது

படத்தை அனுப்பும் முன் அதன் அளவைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே படமாக அனுப்பிச் சேமித்தால் அளவு பெரும்பாலும் குறையும். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எச்.இ.ஐ.சி. என்ற வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. பாரம் அதை மறுத்தால் ஜேபெக் வடிவுக்கு மாற்றுங்கள். அனுப்பியதும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். ‘நன்றி’ என்று வந்தாலும் ஏற்பாட்டாளரிடம் ஆவணம் கிடைத்ததா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். முடிவு நாளின் இரவு வரை காத்திருக்க வேண்டாம்.

பாரம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மடிக்கணினியில் சின்னப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்து, வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டத்து வீட்டிலிருந்து, சாதாரணக் கைப்பேசியில் எடுத்த மூன்று படங்களை ஒருவரை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். தவறினால், ‘படம் 2 எம்பிக்கு மேல் உள்ளது, அளவைக் குறைத்து மீண்டும் அனுப்பவும்’ என்று தமிழில் ஒரு வரி வரட்டும். அந்த ஒரு வரி இருந்தால், உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பிள்ளை ஆவணம் இல்லை என்ற காரணத்தால் ஒதுக்கப்படமாட்டார்.