எந்தச் சுவரை இடிக்கலாம்?

வீட்டில் இடம் போதவில்லை. நடுச் சுவரை எடுத்தால் கூடம் பெரிதாகும். இப்படி நினைத்துப் பலர் சுவரை இடிக்கிறார்கள். ஆனால் எல்லாச் சுவரும் ஒன்றல்ல.

அறையைப் பிரிப்பது தடுப்புச் சுவர். கூரையைத் தாங்குவது பாரச் சுவர். கூரையின் பாரம் பாரச் சுவர் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது.

ஒரு கட்டிலை நாலு பேர் தூக்குகிறார்கள். ஒருவர் கையை எடுத்துவிட்டார். கட்டிலின் பாரம் குறையுமா? குறையாது. மற்ற மூவர் மேல் ஏறும். வீடும் அப்படித்தான். இடித்த அன்றே கூரை விழாமல் இருக்கலாம். அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது.

தூண்களும் பாரம் தாங்குகின்றன. 2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்தது. 17 பேர் இறந்தார்கள். தரைத் தளத்தில் மாற்றிக் கட்டும் வேலை நடந்து வந்தது. அங்கே தூண்களை வெட்டியதாகக் குடியிருந்தவர்கள் புகார் சொன்னார்கள்.

எப்படி அறிவது?

உத்தரம் அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதா? மாடியில் அதற்கு நேர் மேலே சுவர் உள்ளதா? ஆம் என்றால் அது பெரும்பாலும் பாரச் சுவர். 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும். 4½ அங்குலச் சுவரும் சில வீடுகளில் தாங்கும். எனவே இடிக்கும் முன் கட்டடப் பொறியாளரிடம் காட்ட வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகுதான் சுவரை எடுக்க வேண்டும். அந்த இடத்தில் பொறியாளர் சொன்ன அளவில் பீம் போட வேண்டும். கான்கிரீட் பீம் என்றால் 14 நாளாவது முட்டு இருக்க வேண்டும். நீளமான பீமுக்கு 21 நாள் வேண்டும்.

ஏற்கெனவே இடித்துவிட்டீர்களா?

கதவு, ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் விடும். நன்றாக மூடிய கதவு இறுகும். கூரை நடுவில் தொய்யும். இவை வீடு அசைவதன் அடையாளங்கள்.

விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். வாரம் ஒரு முறை பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் வீடு இன்னும் அசைகிறது. பூச்சுப் பூசி அதை மறைக்காதீர்கள். பொறியாளரை அழையுங்கள்.

விரிசல் வேகமாக வளர்கிறதா? கூரையிலிருந்து காரை உதிர்கிறதா? சாமான்களை எடுக்க நிற்காதீர்கள். எல்லோரும் உடனே வெளியேறுங்கள். மாடியில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பாரம் தாங்கும் சுவர்கள் எவை? இன்றே பாருங்கள்.