உஷார்! ஒரே இரத்தத்துக்கு இரண்டு இலக்கம்

சிறுநீரகமோ ஈரலோ மாற்றப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை இன்றே வாசியுங்கள். உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் மருந்தின் இரத்த ரிப்போட்டில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எந்த முறையில் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை பேராதனையிலோ ராகமையிலோ நடந்திருக்கும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போவது பெரும்பாடு. அதனால் ஒரு தடவை கிளினிக்கில், அடுத்த தடவை மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பும் தனியார் ஆய்வுகூடத்தில் என்று இரத்தம் கொடுக்க நேரிடுகிறது. ஆபத்து அங்கேதான்.

பல ஆய்வுகூடங்களில் இருப்பது இம்யூனோஅசே. பிறபொருளெதிரியால் மருந்தைப் பிடித்து அளக்கும் முறை இது. உடல் மருந்தை உடைத்தபின் மிஞ்சும் துணுக்குகளையும் அது மருந்தென்றே பிடித்துவிடக்கூடும், இலக்கம் கூடிவிடும். எல்சி-எம்எஸ் என்னும் முறை மருந்தைத் துணுக்குகளிலிருந்து பிரித்து அளக்கும். ஒரே குழாய் இரத்தம் ஒன்றில் 8 என்றும் மற்றதில் 6.5 என்றும் வரலாம். அதே வேலைக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிதாகலாம்.

8 இருந்தது 6.5 ஆகிவிட்டதே என்று பயந்து மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்? வழமையாகக் கிடைக்கும் சிறிய கப்சூல் 0.5 மில்லிகிராம். வேளைக்கு 1 மில்லிகிராம் எடுக்கும் பிள்ளைக்கு ஒரு கப்சூல் கூடினாலே மருந்து ஒன்றரை மடங்கு. கை நடுங்கும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகமே கெடும். 6.5 இருந்தது 8 ஆகிவிட்டதென்று குறைத்தாலோ, உடல் புதிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கலாம். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். எனக்குப் பெரும் பயம் இதுதான்.

சில இம்யூனோஅசேக்களில், நோயாளியின் இரத்தத்திலேயே உள்ள பிறபொருளெதிரிகள் குறுக்கிட்டு, மருந்தை நிறுத்திய பிறகும் உயர்ந்த அளவு காட்டிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. மருந்தைக் குறைத்தும் இலக்கம் இறங்காவிட்டால், மற்ற முறையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்காக எல்லா ஏற்றத்தையும் முறையின் தலையில் போட்டுவிடாதீர்கள். வயிற்றோட்டம், எரித்ரோமைசின், ஃப்ளூகொனசோல் ஆகிய மருந்துகள், பம்பளிமாசு எல்லாம் இரத்தத்தில் மருந்தை உண்மையாகவே கூட்டும். இரவு மருந்து கொடுத்து 12 மணித்தியாலம் கழித்து, காலை மருந்துக்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும். மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனால் எந்த இயந்திரமும் சரியான விடை தராது.

முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்திலேயே கொடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரே வேளையில் எடுத்த இரத்தத்தை ஒருமுறையாவது இரண்டு இடத்துக்கும் அனுப்பி, இரண்டு ரிப்போட்டையும் கிளினிக் டொக்டரிடம் காட்டுங்கள். கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஆய்வுகூடத்தின் பெயர், முறை, கடைசி மருந்து கொடுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். ரிப்போட்டில் முறை இல்லையென்றால் போன் எடுத்துக் கேளுங்கள், சொல்லும்வரை விடாதீர்கள்.