பாளணாகரில் ஓடியாட இடம் உண்டா?

நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணவன், மனைவி இருவருமே காலை 8 மணிக்குள் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். ஊரிலிருந்து தாத்தா, பாட்டி வந்தாலும் எத்தனை மாதம் தங்க முடியும்? ஆகவே பக்கத்துக் கட்டடத்துப் பாளணாகர்தான் கதி. மராத்தியில் ‘பாளணா’ என்றால் தொட்டில், ‘கர்’ என்றால் வீடு. தொட்டில் வீடு! பெயர் என்னவோ அழகுதான். தொட்டிலை விட்டு இறங்கி ஓடத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மூன்றரை வயதுப் பேரன் பின்னால் நாள் முழுதும் ஓட என் முழங்கால் இடம் தரவில்லை. அதனால் டோம்பிவிலியில் ஒரு பாளணாகரில் அவனை விடுவதும் அழைத்து வருவதும் ஓராண்டாக என் வேலை. சிறிய ஹால், பன்னிரண்டு குழந்தைகள், ஓயாமல் ஓடும் டி.வி. எப்போது போனாலும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் பிள்ளை சோபாவுக்கு சோபா தாவுவான். இரவு 11 மணியானாலும் தூங்க மாட்டான். வேலை முடிந்து களைத்து வரும் மருமகளிடம் தினமும் அடி, திட்டு. ‘படுசுட்டி’ என்று பட்டமும் கிடைத்தது. சுட்டித்தனமா அது? பகலெல்லாம் பூட்டி வைத்த கால்கள் இரவில் விடுதலை கேட்கின்றன, அவ்வளவுதான்!

காப்பகத்தை நடத்தும் காகூவிடம் பேசினேன். தவறு அவரிடம் மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஒரு குழந்தையின் முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டதற்குப் பெற்றோர் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். இன்னொருவர், பையனுக்கு இன்னும் ஏ, பி, சி எழுத வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். ஓடவிட்டால் வசவு, உட்கார வைத்தால் நல்ல பெயர். அவர் டி.வி.யைப் போடாமல் என்ன செய்வார்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று வழிமுறைகளை வெளியிட்டது. 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும். 3, 4 வயதில் அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். தவழாத சிசுவைக்கூட விழித்திருக்கும்போது நாளில் 30 நிமிடம் குப்புறப் படுக்க விட வேண்டும். எந்தக் குழந்தையையும் ஒரே மூச்சில் ஒரு மணிக்கு மேல் தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ கட்டி வைக்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கு டி.வி., செல்போன் வேண்டவே வேண்டாம். 2 முதல் 4 வயதுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதுவும் குறையக் குறைய நல்லது.

இது ஒன்றும் மேல்நாட்டுச் சரக்கு இல்லை. இன்றைய பால்கர் மாவட்டத்தைச் சேர்ந்த போர்டி, கோஸ்பாடு பகுதிகளில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் இருவரும் பழங்குடிக் குழந்தைகளைத் தேடிப்போய் முற்றத்திலேயே பாலர் வகுப்பு நடத்தினார்கள். ‘அங்கண்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயரிலேயே முற்றம் இருக்கிறது!

விளையாட்டுச் சாமான் வாங்கவும் வேண்டியதில்லை. நம் குலைகுலையா முந்திரிக்காய்தான் இங்கே ‘மாமாச்ச பத்ர ஹரவ்ல’. வட்டமாக உட்கார வைத்து, பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடும் அதே ஆட்டம். நம் நொண்டி இவர்களுக்கு ‘லங்டி’. கைகோத்துச் சுற்றும் தட்டாமாலைக்கு ‘புகடி’ உறவுமுறை. மொழி தெரியாத நம் குழந்தை முதல் நாளே கூட்டத்தில் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் ஹாலுக்குள்ளேயே தலையணைகளை வரிசையாகப் போட்டுத் தாண்டலாம். மேஜைக்கு அடியில் தவழலாம். தவளை, யானை, கொக்கு மாதிரி நடக்கலாம்.

நாங்கள் செய்தது இதுதான். ஆறு குடும்பத்தினர் ஒரு ஞாயிறன்று காகூவுடன் உட்கார்ந்தோம். சிறு சிராய்ப்புக்குச் சண்டை போடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தோம். காலை 10 மணிக்கு அரை மணி காம்பவுண்டில் விளையாட்டு. வண்டிகள் வரும் கேட்டருகே தாத்தா, பாட்டிகளில் ஒருவர் முறை வைத்துக் காவல். மாலையில் ஹாலுக்குள் அரை மணி. துணைக்கு ஓர் ஆயா வைக்க மாதம் 200 ரூபாய் கூடுதலாகத் தருகிறோம். இது பிடிக்காத ஒரு குடும்பம் குழந்தையை நிறுத்திவிட்டது. காகூவுக்கு அது நஷ்டமே. மூன்று மாதமாகிறது. இப்போது எங்கள் பிள்ளை ஒன்பதரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறான். மருமகள் குரலும் தணிந்திருக்கிறது.

குழந்தையைச் சேர்க்குமுன் நீங்கள் கேட்க வேண்டியவை:

1. நாளில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியாட விடுகிறார்கள்?
2. டி.வி. எவ்வளவு நேரம் ஓடுகிறது?
3. ஜன்னல், பால்கனிக்குக் கம்பி உண்டா? தரை வழுக்குமா?
4. எத்தனை குழந்தைகளுக்கு ஒரு ஆள்?
5. அடிபட்டால் முதலுதவிக்கு என்ன இருக்கிறது?

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தின் ஹால் வாரநாட்களில் காலை வேளையில் பூட்டியே கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் காம்பவுண்ட் பயன்படாது. அந்த நான்கு மாதமாவது, அக்கம்பக்கத்துப் பாளணாகர்க் குழந்தைகள் தினம் ஒரு மணி நேரம் வந்து ஓடியாட ஹாலைத் திறந்துவிடக் கூடாதா? மேற்பார்வை பார்க்க என்னைப் போன்ற பாட்டிமார் நாலைந்து பேர் தயார். செயற்குழு ஆவன செய்ய வேண்டுகிறேன். உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.