விமானக் கம்பெனிக்கும் மஞ்சள் கடுதாசி

"ஐ.பி. கொடுத்துவிட்டார்", "மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டார்" என்ற பேச்சு நம் கடைவீதிக்குப் புதிதல்ல. சரக்கு கொடுத்தவர் பேரேட்டை மூடி வைத்துத் தலையில் கை வைப்பதும் புதிதல்ல. எங்கள் மண்டிக்கும் அப்படி ஓர் அடி விழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஏலக்காய் வாங்கிய வெளியூர்க் கம்பெனி ஒன்று நொடித்தது. அறிவிப்பு தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால், ஆடிட்டர் வரும்போது காட்டலாம் என்று எடுத்து வைத்தோம். காட்டியபோது கெடு கடந்திருந்தது. ராசிங்காபுரத்தில் இருக்கும் நமக்குக் கம்பெனிச் சட்டம் எதற்கு என்று இருந்தது எங்கள் தவறு. மற்றவர்கள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்பதற்காக, எல்லோரும் பெயர் அறிந்த இரண்டு விமானக் கம்பெனிகளின் கதையை வைத்து அந்தச் சட்டத்தை விளக்குகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபரோ கூட்டு வியாபாரமோ நொடித்தால், நம் பகுதியில் 1920-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படிதான் மஞ்சள் கடுதாசி வருகிறது. லிமிடெட், பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு 2016-இல் வந்த திவால் சட்டம் வேறு. அதன்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும், நிர்வாகம் முதலாளி கையைவிட்டுத் தீர்வு வல்லுநர் ஒருவர் கைக்குப் போகும். அதன்பின் யாரும் வசூல் வழக்கோ ஜப்தியோ நடத்த முடியாது. கடன் கொடுத்த பாங்குகளின் குழு கூடும். கம்பெனியை எடுத்து நடத்த வருபவரின் திட்டத்தை அந்தக் குழு நூற்றுக்கு 66 பங்கு வாக்கில் ஏற்க வேண்டும். யாரும் தேறாவிட்டால் கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்பார்கள். மீட்பு முயற்சிக்கு உச்ச கெடு 330 நாள்.

ஜெட் ஏர்வேஸ்

1993-இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ், 2019 ஏப்ரல் 17-இல் நின்றது. ஜூன் மாதம் மும்பை தீர்ப்பாயம் மனுவை ஏற்றது. 2021 ஜூனில் ஜலான்-கல்ராக் கூட்டு நிறுவனத்தின் திட்டம் ஒப்புதல் பெற்றது. முதல் தவணையாக 350 கோடி ரூபாய் போட வேண்டியவர்கள் 200 கோடி போட்டார்கள். மீதி 150 கோடிக்கு, ஏற்கெனவே கொடுத்திருந்த பாங்கு உத்தரவாதத்தைக் கழித்துக்கொள்ளக் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7-இல் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. 330 நாளில் முடிய வேண்டியது ஐந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. நின்றுபோன விமானம் துருப்பிடிக்கும். இறங்கி ஏறும் நேரங்கள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். பூட்டிய கடைக்கு வாடிக்கை காத்திருக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

கோ பர்ஸ்ட்

2023 மே மாதம் கோ பர்ஸ்ட் கம்பெனி தானாகவே மனுப் போட்டது. அதன் விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. தடைக்காலம் இருந்ததால் சொந்தக்காரர்களே அவற்றை எடுக்க முடியவில்லை. நம் கடையில் ஐஸ்கிரீம் கம்பெனி வைத்த பெட்டியை, கடை நொடித்தபின் அந்தக் கம்பெனியே தூக்கிப் போக முடியாதது போல. 2023 அக்டோபரில் மத்திய அரசு விமானங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்தது. 2024 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது. விமானம் இல்லாத விமானக் கம்பெனியை யார் வாங்குவார்? 2025 ஜனவரியில் கலைக்க உத்தரவானது.

முன்பு புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் நாட்டில், இத்தகைய வழக்கை வணிக நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கே நீதிபதிகள் வணிகர்களால் தேர்ந்தெடுக்கப்படும் வணிகர்கள்! அங்கு ஏக்ல் அசூர் என்ற விமானக் கம்பெனி 2019 செப்டம்பரில் நீதிமன்றப் பாதுகாப்பில் வந்தது. வாங்க வந்தவர்கள் தேறாததால் அதே மாதம் கலைக்க உத்தரவு வந்தது. வேகம் இருந்தாலும் காலி கல்லாவில் பணம் முளைக்காது என்பதற்கு இதுவே சாட்சி.

நம் இடம் எங்கே?

கலைத்த சொத்தில் வரும் பணத்தில் முதலில் வழக்குச் செலவு. அடுத்து, தொழிலாளரின் 24 மாதக் கூலியும் அடமானம் பிடித்த பாங்குகளும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு அடமானமில்லாப் பணக்கடன், அதன்பின் அரசு பாக்கி. அதற்கெல்லாம் பின்னால்தான் சரக்கு கொடுத்த நாம். நமக்கும் பின்னால் நிற்பவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே. பாங்குகளின் குழுவிலும் நமக்குப் பொதுவாக வாக்கு இல்லை. நாமே மனுப் போட வேண்டுமானால், 2020 மார்ச் முதல் பாக்கி ஒரு கோடி ரூபாயாவது இருக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. லிமிடெட் கம்பெனிக்குக் கடன் கொடுத்தால் வரம்பு வையுங்கள். பழைய பில் தீராமல் புதிய லோடு ஏற்ற வேண்டாம்.

2. ஆர்டர், பில், சரக்கு பெற்ற கையெழுத்து, பாக்கி ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல் அங்கே செல்லாது.

3. விற்றுக் கொடுக்க அனுப்பிய சரக்கு என்றால், அது உங்கள் சொத்து என்பதை எழுத்தில் வையுங்கள். அது கம்பெனியின் சொத்துக் கணக்கில் சேராது.

4. அறிவிப்பு வந்த அன்றே ஆடிட்டரிடம் காட்டுங்கள். வல்லுநர் நியமிக்கப்பட்ட 14 நாளுக்குள் படிவம் 'பி'-யில் பாக்கியைக் கேட்பதே முறை. மீட்புத் திட்டம் ஒப்புதலானபின், அதில் இடம்பெறாத பழைய பாக்கி அற்றுப்போகும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது.

வரிசையில் கடைசியில் நிற்பது நம் கையில் இல்லை. வரிசையிலேயே நிற்காமல் போவதுதான் நம் தவறு. எங்கள் மண்டி செய்தது அதைத்தான். அந்தக் கம்பெனி பேரேட்டுப் பக்கத்தை நாங்கள் இன்னும் கிழிக்கவில்லை. கணக்குப்பிள்ளைக்குப் புதிதாய் வரும் பையன்களுக்குக் காட்ட வைத்திருக்கிறோம்.