சுரங்கத்தின் எல்லை எங்கே முடிகிறது?

நான் சுரங்கப் பொறியியல் பயிலும் மாணவன், நெய்வேலியிலே பிறந்தவன். பழுப்பு நிலக்கரி தந்த வெளிச்சத்திலேதான் அரிச்சுவடி படித்தேன். என் தந்தையாரின் சம்பளமும் அந்த மண்ணுக்குள்ளிருந்தே வந்தது. ஆதலால் சுரங்கத்தை எவரேனும் குறை கூறினால் எனக்குச் சினம் வருவது இயற்கையே.

சென்ற ஆண்டு, விடுதியில் உணவருந்திக்கொண்டிருந்தபோது, விலங்கியல் பயிலும் நம் சங்கத்து நண்பர் ஒருவருக்கும் எனக்கும் வாதம் மூண்டது. “பெரிய காட்டின் ஒரு மூலையில் குழி தோண்டுகிறோம். மற்றக் காடு அப்படியேதானே இருக்கிறது? விலங்குகள் சற்று ஒதுங்கிப் போகாவா?” என்றேன். நண்பர் சிரித்துக்கொண்டே, “குழியின் பரப்பை நீ அளந்துவிட்டாய், கேட்டின் பரப்பை அளந்தாயா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்ததையும், பின்னர் நேரில் சென்று கண்டதையும் தோழர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

கருநாடக மாநிலம், சிக்கமகளூரு மாவட்டத்தில் குதிரேமுகம் என்னும் மலை இருக்கிறது. சிகரம் குதிரையின் முகம்போல் தோன்றுவதால் வந்த பெயர் அது. ஆண்டுக்குச் சுமார் 7,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம். மேலே புல்வெளி, பள்ளங்களில் அடர்ந்த காடு. இவ்வகைக் காட்டை உலகத்துக் காட்டியல் நூல்கள் ‘ஷோலா’ என்று குறிக்கின்றன. அது வேறொன்றுமன்று, நம் ‘சோலை’யே! துங்கை, பத்ரா, நேத்திராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இம்மலைத் தொடரில்தான் பிறக்கின்றன.

இங்கே இரும்புத் தாது எடுப்பதற்காக 1976 இல் அரசாங்க நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. தாதுவில் இரும்பின் அளவு குறைவு. ஆகவே பாறையை உடைத்து, மாவாக அரைத்து, நீர் கலந்து இரும்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. செறிந்த தாது, குழம்பாக, 67 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே மங்களூருக்குச் சென்றது. எஞ்சிய கழிமண்ணைத் தேக்குவதற்கு லக்யா ஓடையின் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயரத்தில் அணை எழுந்தது. 1987 இல் அதே மலைப்பகுதியில் சுமார் 600 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாயிற்று. காடும் சுரங்கமும் ஒரே மலையில் வாழ முடியுமா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2005 ஆம் ஆண்டு முடிவோடு சுரங்கவேலை நிற்க வேண்டும் என்று 2002 இல் தீர்ப்பு வந்தது, அவ்வாறே நின்றது.

இனி, கேடு எப்படிப் பரவுகிறது என்று காண்போம்.

முதலாவது, நீர். தோண்டிய மண்ணை மழை கரைத்து ஆற்றில் சேர்க்கிறது. பத்ரா ஆற்றில் வண்டலை அளந்த ஆராய்ச்சியாளர்கள், நீர்ப்பிடிப்புப் பரப்பில் மிகச் சிறு பகுதியாய் இருந்த சுரங்கத்திலிருந்தே வண்டலின் பெரும்பங்கு வந்தது என்று கண்டார்கள். மீன்கள் முட்டையிடும் கூழாங்கற் படுகையை வண்டல் மூடிவிடுகிறது. குழி இருப்பது மலையில். கேடு செல்வதோ ஆறு செல்லுமிடமெல்லாம்.

இரண்டாவது, பாதை. இக்காட்டில் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. அது பெரும்பாலும் தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவித் திரிவது. இனப்பெருக்கத்தில் மிக மெதுவானது. லாரி செல்ல மரங்களை வெட்டி அகன்ற சாலை போட்டால், நமக்கு அது சில மீட்டர். குரங்குக் கூட்டத்துக்கோ அது ஒரு மதில். ஒரு காடு இரண்டு சிறு காடுகளாகிவிடும். ‘ஒதுங்கிப் போகும்’ என்று நான் சொன்னேனே, ஒதுங்குவதற்கு வழி வேண்டாவா?

மூன்றாவது, வெடியோசையும் தூசியும் இரவு விளக்கும். இவை குத்தகை நிலத்தின் எல்லைக்கல்லைக் கண்டு நின்றுவிடுவதில்லை.

இக்கேட்டை அளப்பது எப்படி? நண்பர் எனக்கு விளக்கிய முறை எளிமையானதே. முதல் மண்வெட்டி விழும் முன்பே விலங்குகளைக் கணக்கிட வேண்டும். குறித்த நேர்கோட்டில் நடந்து, கண்ட விலங்கையும் அது நின்ற தூரத்தையும் எழுதலாம். தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டிப் புலியை அதன் வரிகளைக்கொண்டே இனங்காணலாம். பின்னர், சுரங்கம் தொடங்கியபின் அதே இடத்தில் அதே முறையில் மீண்டும் கணக்கிட வேண்டும். அத்துடன், சுரங்கமில்லாத மற்றொரு காட்டையும் அதே காலத்தில் கணக்கிட வேண்டும். வறட்சியாலோ நோயாலோ விலங்கு குறைந்திருந்தால், அப்பழி சுரங்கத்தின்மேல் விழாது. சுரங்கத்தால் குறைந்திருந்தால், அது வறட்சியின் மறைவில் ஒளியவும் முடியாது.

இந்தியாவில் 1994 முதல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயமாயிற்று. 2006 இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. குதிரேமுகச் சுரங்கம் இவற்றுக்கு முந்தியது. விதிகளைப் படித்தபோது ஒன்று என்னைத் திடுக்கிடச் செய்தது. அடிப்படைக் கணக்கை ஒரே ஒரு பருவத்தில், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவத்தில், எடுத்தாலே பெரும்பாலும் போதுமாம்! குதிரேமுகத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே கேடு ஓடியதே மழைநீரில்தான். மாசி மாதத்தில் சென்று பார்ப்பவர் தெளிந்த ஆற்றைக் கண்டு, ‘குறையொன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு வந்துவிடலாம். பொய் சொன்னவராகவும் மாட்டார். மேலும், மதிப்பீடு செய்பவருக்குக் கூலி கொடுப்பவர் சுரங்கம் தோண்ட விரும்புபவரே. மணமகன் வீட்டார் செலவிலேயே மணமகனைப் பற்றி விசாரிப்பது போன்றது இது.

சென்ற விடுமுறையில் நாங்கள் இருவரும் குதிரேமுகம் சென்றோம். தொழிலாளருக்காகக் கட்டிய ஊரில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. என் ஊரின் வீடுகளைப் போன்ற வரிசை வீடுகள்! நெஞ்சு கனத்தது. சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களின் துன்பமும் உண்மையே. ஆனால் தொடக்கத்திலேயே நேர்மையாக அளந்திருந்தால், அந்த ஊரை அங்கே கட்டியிருக்கவே வேண்டாமல்லவா?

சுரங்கமே கூடாது என்று இன்றும் நான் சொல்லவில்லை. இரும்பில்லாமல் நாம் ஏறிவந்த இரயிலும் இல்லை. ஆனால் நாளை ஒரு மதிப்பீட்டு அறிக்கையில் நானே கையெழுத்திட நேரலாம். அப்போது எத்தனை பருவம் கணக்கெடுத்தார்கள், எந்தக் காட்டோடு ஒப்பிட்டார்கள், ஆறு எதுவரை அளக்கப்பட்டது, அடுத்த சுரங்கத்தையும் சேர்த்து எண்ணினார்களா என்ற நான்கு கேள்விகளையும் கேட்காமல் பேனாவை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

தோழர்களும் கேட்கலாம். பெரும்பாலான சுரங்கத் திட்டங்களுக்கு முன்அறிவிப்புடன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறுகிறது. அறிக்கையின் சுருக்கம் அந்த வட்டார மொழியிலும் கிடைக்கும். வரலாறு பயில்பவரும் வணிகம் பயில்பவரும் அதைப் படிக்கலாம். முதலில், கணக்கெடுத்த மாதம் எது என்று பாருங்கள்.