லிட்டருக்கு 8 ரூபாய் ஆசை

2012 மே மாதத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அன்று டீசல் கார் வாங்கியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இடைவெளி சுருங்கிச் சுருங்கி, 2024 மார்ச்சில் விலை குறைக்கப்பட்டபோது சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய்க்குச் சற்றுக் கீழேயும் டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலேயும் வந்து நின்றன. பழைய கார் விற்கும் இடங்களில் மட்டும் பேச்சு மாறவில்லை: “டீசல் எடுங்க சார், மைலேஜ் கொட்டும்.”

கொட்டுவது எவ்வளவு? தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்குப் போக வர 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். 750 கிலோமீட்டர். நகர நெரிசலில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15, அதே அளவு டீசல் கார் 18 தந்தால், அந்த விலையில் மாதம் மிஞ்சுவது சுமார் 1,200 ரூபாய். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதை ஈடுகட்டவே ஏழு வருடம் ஆகும். அதற்குள் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற நேர்ந்தால் மூன்று நான்கு வருடச் சேமிப்பு ஒரே பில்லில் போய்விடும். டர்போ, கிளட்ச் செலவுகள் தனி.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் புகைக்குழாயில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிந்து தீர, வடிகட்டி ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடேற வேண்டும். அதற்கு வண்டி கால் மணி நேரமாவது நிற்காமல், சீரான வேகத்தில் ஓட வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் அது நடக்காது. பாதி எரிந்த நிலையில் நிற்கும் ஒவ்வொரு முறையும், கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் உச்சக்கோட்டைத் தாண்டி நின்றால் அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

சிலர் வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, கணினியில் எச்சரிக்கை விளக்கையும் அணைத்து விற்கிறார்கள். இது சட்டத்துக்குப் புறம்பு. கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: இன்ஜின் ஆறியபின் சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்யும் வண்டியில் கருங்கரி ஒட்டாது.

அப்படியானால் வடிகட்டி இல்லாத பி.எஸ்.4 டீசல்? மாருதி 2020 ஏப்ரலோடு டீசலைக் கைவிட்டது. எனவே சந்தையில் கிடைக்கும் ஸ்விஃப்ட், டிசையர் டீசல் எல்லாம் அதற்கு முந்தியவை. நிறைய ஓட்டுகிறவர்களே டீசல் வாங்கினார்கள். மீட்டர் 60,000 என்று காட்டினால் சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். வாடகைக்கு டி போர்டாக ஓடி ஓன் போர்டுக்கு மாறியதா என்பதையும் விசாரியுங்கள்.

டெல்லிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே 10 வருடம் கடந்த டீசலுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பின்னர் அந்தக் கட்டுப்பாடு இறுகுவதும் தளர்வதுமாக இருக்கிறது. அந்த வண்டியை இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டுச் சாலை வரி, மறுபதிவு என்று செலவு தொடரும். விற்பவர் சொல்லும் விலையில் இவை அடங்காது.

பெட்ரோலும் பத்தரை மாற்றுத் தங்கம் அல்ல. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டே முன்பணம் கொடுங்கள்.

மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு டீசல் இன்றும் பொருந்தும். நகரத்துக்குள் வேலைக்குப் போய் வருகிறவர் பெட்ரோல் காரையே வாங்கட்டும்.